மகளை எப்படிப் பாராட்டுவது? உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம். என் மகளுக்குப் பத்து வயது. சின்னதிலிருந்தே எதைச் செய்தாலும் "நீ கெட்டிக்காரிடா கண்ணு" என்று சொல்லியே வளர்த்தேன். இப்போது கஷ்டமான கணக்கு வந்தாலே நோட்டை மூடிவிடுகிறாள். நேற்று ஒரு விடை தப்பானதும் தாள் கிழிகிற அளவுக்கு ரப்பரால் தேய்த்தாள். அப்புறம் மெதுவாக, "நான் கெட்டிக்காரி இல்லையாம்மா?" என்று கேட்டாள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

கரோல் ட்வெக், கிளாடியா ம்யூலர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் ஒரு தோல்விக்குப் பிறகு தளர்ந்துபோனார்கள். உழைப்பைப் பாராட்டியபோது விடாமல் முயன்றார்கள். சரி, புரிகிறது. ஆனால் "நல்லா முயற்சி பண்ணினே" என்றால், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "இரண்டாவது வரியில் இருந்த தப்பை நீயே கண்டுபிடிச்சியே" என்று குறிப்பாகச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இப்படி ஒரு பிள்ளை உண்டா? துவண்டுபோன நேரத்தில் என்ன சொன்னீர்கள், எது எடுபட்டது? பழைய பாராட்டைச் சட்டென்று நிறுத்தினால் மனசு வாடிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. ஆசிரியர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.