ஓட்டல்ல எண்ணெய், சீனியைக் குறைக்க என்ன சொல்லி வாங்குறீங்க? அனுபவம் சொல்லுங்க

ரூட்டுக்காரன்:
விற்பனைப் பிரதிநிதி வேலை எனக்கு. கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி லைன். வாரத்துல பாதி நாள் மூணு வேளையும் ஓட்டல்தான். சுகர் வந்த பிறகு டாக்டர் "வெளிச்சாப்பாட்டைக் குறைங்க"ன்னுட்டார். குறைக்க வழியில்லாதவன் என்ன செய்ய? சொல்லி வாங்கப் பழகிக்கிட்டேன்.

"எண்ணெய் கம்மியா"ன்னு சொன்னா சப்ளையர் தலையை ஆட்டுவார், அது உள்ளே போய்ச் சேராது. "ஒரு கல்தோசை, எண்ணெய் ஊத்தவே வேணாம், மூடி போட்டு வேக விடச் சொல்லுங்க"ன்னா அப்படியே மாஸ்டர் காதுக்குப் போகும். கயத்தாறு பக்கம் ஒரு கடையில தோசை மாஸ்டர் எட்டிப் பார்த்து, "யாருங்க அது, பிஞ்சு வந்தா என்னைக் கேக்கக் கூடாது"ன்னார். பிய்யவே இல்லை. வெங்காயத்தை எண்ணெய்ல தொட்டுக் கல்லைத் தேய்ச்சதே போதுமா இருந்தது. இப்போ என் தலையைப் பார்த்ததுமே "வறட்டு தோசை வந்தாச்சு"ன்னு உள்ளே குரல் கொடுக்கிறார்.

டீக்கடை வேற கதை. பல கடையில கிளாஸ்ல சீனியைப் போட்டு வரிசையா வச்சிருப்பாங்க. டீ ஊத்துற நேரத்துல "சீனி வேணாம்"ன்னா கலக்காம நீட்டுவாங்க. அடியில சீனி கிடக்கும். கடைக்குள்ள கால் வைக்கும்போதே சொல்லிடணும்.

உங்க கதையையும் சொல்லுங்க. வீட்டுலேர்ந்து கட்டிக்கிட்டுப் போங்கங்கிற அறிவுரை மட்டும் வேணாம் சாமி.

பழைய சரக்கு மாஸ்டர்:
தம்பி சொல்றது சரி. நான் அடுப்படியில நின்னவன், உள்ளேயிருந்து சொல்றேன். நீங்க வந்து உட்கார்ந்த பிறகு செய்யுற ஐட்டம்தான் உங்க பேச்சைக் கேக்கும். தோசை, ஊத்தப்பம், ஆம்லெட், சப்பாத்தி இதெல்லாம். சாம்பார், குருமா, பொரியல் எல்லாம் காலையிலயே அண்டாவுல முடிஞ்சு போச்சு. அதுல போய் "உப்பு கம்மி"ன்னா எவன் என்ன செய்ய முடியும்? குருமா கெட்டியா இருக்கறதுக்குக் காரணமே தேங்காய், பொட்டுக்கடலை, முந்திரி அரைச்சு விடுறதுதான். சில ஊர்ல சாம்பார்ல வெல்லமும் விழும். எதைக் கேக்கலாம்னு தெரியலைன்னா ரசம் கேளுங்க.

பரோட்டாவை "எண்ணெய் இல்லாம" கேக்குறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வரும். மைதா பிசையுறப்பவே எண்ணெய், உருண்டை ஊறுறது எண்ணெயில, வீசுறப்பவும் எண்ணெய். கல்லுல விடுறது கடைசிப் பங்கு. ஆசையா இருந்தா ஒண்ணோட நிறுத்திட்டு ரெண்டு முட்டை வாங்கிக்குங்க. வயிறு நிறையும்.

பூரி, பஜ்ஜி சட்டியையும் ஒரு பார்வை பாருங்க. திரும்பத் திரும்பக் காய்ச்சுற எண்ணெயில போலார் சேர்மங்கள், அதாவது எண்ணெய் கெடக் கெட அதுல சேருற பொருள்கள், மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2018 ஜூலையில இருந்து விதி இருக்கு. சாப்பிட வர்றவர் கையில அதை அளக்க மீட்டரா இருக்கு? எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, புகையுதுன்னா பேசாம இட்லிக்குப் போயிடுங்க.

நாக்குக்கு அடிமை:
இட்லி மட்டும் என்ன யோக்கியமா? அதுவும் அரிசிதானே. ஆறு இட்லியை உள்ளே தள்ளிட்டு "ஆவியில வெந்ததுதான் சார்"ங்கிறவர் எங்க ஆபீஸ்லயே இருக்கார். பொடிக்கு நெய் தனிக் கணக்கு.

மயிலாப்பூர் மருமகள்:
எங்கள் வீட்டில் சப்ளையரால் தொல்லையில்லை, சொந்தக்காரர்களால்தான். மாமியாருக்கு சர்க்கரை. ஞாயிறு மதியம் எல்லாருமாக வெளியே சாப்பிடப் போனால் நாத்தனார், "ஒரு நாள்தானே அண்ணி, அம்மாவை நிம்மதியா சாப்பிட விடுங்க" என்பாள். அந்த ஒரு நாள் வாராவாரம் வரும். அதுவும் அன்லிமிடெட் சாப்பாடு என்றால் அத்தைக்கு எழுந்திருக்கவே மனம் வராது. கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?

ஒரு தடவை எங்கள் கிசுகிசுச் சண்டையைக் கேட்டுக்கொண்டே இலை போட்ட பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "அம்மா, நான் முதல்ல கூட்டு, பொரியல், பருப்பு மட்டும் வைக்கறேன். சோறு நீங்க கேட்டப்புறம் கொண்டாறேன்" என்றார். சோறு வருவதற்குள் அத்தை அவரைக் கூப்பிட்டு மறுபடி கூட்டு வாங்கிக்கொண்டார். கீரைக் கூட்டு, நன்றாகவே இருந்தது. பிறகு பசி அடங்கி, சாம்பாருக்கும் ரசத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் சோறோடு முடித்துக்கொண்டார். காயும் பருப்பும் முதலில், சோறு கடைசியில் என்று சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறையும் என்று எங்கள் டாக்டரும் சொல்கிறார். நான் சொல்லியிருந்தால் மருமகள் சோற்றை மறுக்கிறாள் என்று பேச்சு வந்திருக்கும். பெரியவர் சொன்னதால் அது உபசாரமாகிவிட்டது!

பாயசக் கிண்ணம் இப்போதெல்லாம் நாத்தனார் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

தேக்கா வாசி:
சிங்கப்பூரில் எனக்கு வாய் வலிக்க விளக்க வேண்டியதில்லை. கோப்பிக் கடையில் "தே" என்றால் இனிப்பான டின் பால் போட்டது. "தே சி கோசோங்" என்றால் இனிப்பில்லாத டின் பால், சீனியும் கிடையாது. முழுசாக விட முடியாதவர்களுக்கு "சியூ டாய்", அதாவது இனிப்பு குறைவாக. யாரும் உங்களை ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள், தினம் நூறு பேர் அப்படித்தான் கேட்கிறார்கள்.

2023 டிசம்பர் 30 முதல் பெரிய கடைகள் போட்டுத் தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் வந்துவிட்டது, அதாவது சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடும் முறை. சி, டி தரத்துக்கு அந்த எழுத்தைப் பட்டியலிலேயே காட்ட வேண்டும். 100 மில்லியில் சர்க்கரை 10 கிராமைத் தாண்டினால் டி. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அப்பா, குமிழ் டீ (பபுள் டீ) கடையில் பலகையைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல டி கிரேடு வாங்கினா அடி விழும், இதுக்குக் காசு வேற வாங்குறானா?" என்றார். தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தோம்.

ஓஎம்ஆர் ஆசாமி:
நம்ம ஊர்லயும் 10 அல்லது அதுக்கு மேல கிளை இருக்கிற உணவகங்கள் மெனுவுல கலோரி போடணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி, 2022 ஜூலையில இருந்து. நிறைய பேர் கவனிக்கறதே இல்லை. டீம் லஞ்சுல ஒரு நண்பர் "நான் டயட்"னு சாலட் வாங்கினார், கூடவே ஐஸ்கிரீம் மிதக்கிற கோல்டு காபி. மெனுவைக் காட்டினேன், காபிக்குப் பக்கத்துல இருந்த எண்தான் மேசையிலயே பெரிசு. மனுஷன் காபியை விடலை, சாலட்டைத்தான் கேன்சல் பண்ணினார்.

ரூட்டுக்காரன்:
ஹாஹா, நேர்மையான மனுஷன். மாஸ்டர் அண்ணே, ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்ன மாதிரி பரோட்டா ஒண்ணோட நிறுத்திக்கிறேன். சால்னாவுக்கு என்ன வழி?

பழைய சரக்கு மாஸ்டர்:
மேல மிதக்குற எண்ணெயைக் கரண்டியால ஒதுக்கிட்டு அடியில இருந்து மொண்டு ஊத்தச் சொல்லுங்க தம்பி, செய்வாங்க. ஆனா ராத்திரி கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி போயிடுங்க. கூட்டத்துல இதைக் கேட்டா வாளியோட உங்க முன்னாடி வச்சிட்டுப் போயிடுவான்.