பினாங்கு, 6 பேர், 3 இரவு: சாப்பாட்டுப் பயணத்தை இறுக்காமல் திட்டமிடுவது எப்படி?

கேள்வி: செங்காங் வாசி

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஆறு பேர் பினாங்கு போகிறோம். கோயில், கடற்கரை எதுவும் பட்டியலில் இல்லை, சாப்பிட மட்டும்தான். வியாழன் இரவு இறங்கி, ஞாயிறு இரவு 8 மணி விமானத்தில் திரும்ப எண்ணம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

இருவர் சைவம், அதில் ஒருவர் முட்டையும் தொடமாட்டார். ஒருவருக்கு இறால் ஒவ்வாமை. இருவருக்கு மாலையில் பீர், காக்டெயில் வேண்டும். ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி.

இப்போதைய திட்டம்: வெள்ளி 6 கடை, சனி 7 கடை, ஞாயிறு காலை ரயிலில் ஈப்போ போய்விட்டு மாலை பினாங்கு திரும்பி நேராக விமான நிலையம். மணி போட்டு எழுதினால் ஆளாளுக்கு முகம் சுளிக்கிறார்கள். எழுதாமல் விட்டால் நடுத்தெருவில் நின்று "எங்கே போகலாம்" என்று பேசியே நேரம் போய்விடும். எதை முன்பதிவு செய்வது, எதைத் திறந்து விடுவது?

பதில்: தேக்கா சாப்பாட்டுராமன்

முதலில் ஞாயிற்றுக்கிழமையைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

ஈப்போ போக பினாங்குத் தீவின் நகரமான ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய், பக்கத்திலேயே இருக்கும் நிலையத்தில் இடிஎஸ் என்ற விரைவு மின்ரயில் ஏற வேண்டும். ரயில் மட்டும் ஒரு வழிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். ஃபெர்ரி, காத்திருப்பு, திரும்பி வந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வரை கார் எல்லாம் சேர்த்தால் சாப்பிடக் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம்தான். விடுமுறை வாரத்தில் திரும்பும் ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் விமானமும் போச்சு.

ஈப்போவிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. பினாங்கில் இறங்கி ஈப்போவில் ஏறுங்கள். சனி மாலை ரயிலில் போய் இரவு தவ்கே ஆயாம் (அவித்த கோழியும் முளைப்பயறும்), அங்கேயே தங்கல், ஞாயிறு காலை பழைய நகரத்தில் வெள்ளைக் காப்பி. அந்தக் காப்பிக் கடைகள் காலையில்தான் களைகட்டும், மதியத்துக்கு மேல் போய்ப் பயனில்லை. ஞாயிறு விமானத்தின் நேரம் ஒத்துவரவில்லை என்றால் ஈப்போவை அடியோடு விட்டுவிடுங்கள். பினாங்குக்கே மூன்று நாள் போதாது.

அடுத்து, ஒரு நாளைக்கு 7 கடை என்பதெல்லாம் வேண்டாம். அரை நாளுக்கு ஒரே ஒரு நங்கூரம் போடுங்கள்: ஒரு வட்டாரம், ஒரு பதார்த்தம், ஒரு நேரம். மீதி அந்த வட்டாரத்துக்குள் நடந்துபோகும் தூரத்தில் அமையட்டும். உதாரணமாக, வெள்ளி மதியம் லிட்டில் இந்தியா, லெபோ பாசார் பக்கம் வாழையிலைச் சாப்பாடு. வெள்ளித் தொழுகை நேரத்தில் சில நாசி கண்டார் கடைகள் (தமிழ் முஸ்லிம்களின் சோறு-குழம்புக் கடைகள்) அடைத்திருக்கும், அதனால் அந்த மதியத்தைச் சைவத்துக்குக் கொடுப்பது எல்லாருக்கும் லாபம். இரவுக்கு லோரோங் பாரு தெரு. சாலையோரத் தள்ளுவண்டிகள் மாலையில்தான் வரும். நாசி கண்டாருக்குத் தனி வேளை: கேம்பல் ஸ்திரீட்டில் 1907 முதல் இருக்கும் ஹமீதியா ஒன்று போதும்.

முன்பதிவு செய்ய வேண்டியவை விமானம், அறை, ரயில், மேசை பிடிக்க வேண்டிய ஒரே ஒரு இரவுச் சாப்பாடு. ஒவ்வொரு நங்கூரத்துக்கும் ஒரு மாற்று மட்டும் கையில் வையுங்கள். வண்டிக்கடைகளுக்கு வார விடுமுறை ஆளுக்கொரு நாள், காலைச் சரக்கு முற்பகலிலேயே தீர்ந்தும் போகும். மாற்று இல்லாத இடத்தில்தான் அந்த நடுத்தெரு விவாதம் தொடங்கும்.

பதில்: காரக்குழம்பு

ஒவ்வாமை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பினாங்கு உணவில் இறால் கண்ணுக்குத் தெரியும் இடத்தைவிடத் தெரியாத இடத்தில்தான் அதிகம்.

அசாம் லக்சாவில் மேலே ஒரு கரண்டி கறுப்பாக ஊற்றுவார்களே, அது ஹேகோ, இறால் கூழ். அதை வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. கெம்போங் மீனோடு கொதிக்கும் சாற்றிலேயே பெலாச்சான் (புளித்த இறால் விழுது) அரைத்துச் சேர்ப்பது வழக்கம். பினாங்கில் ஹொக்கியன் மீ கேட்டால் நம் ஊர்ச் சட்டிப் பிரட்டல் வராது. இறால் தலையையும் ஓட்டையும் வேகவைத்த சிவந்த சூப்பில் மீ வரும். சார் குவே தியாவை (தட்டை அரிசி மீ பிரட்டல்) இறால் போடாமல் கேட்டாலும் அதே சட்டி, அதே கரண்டி. ரோஜாக், பசெம்பூர், நாசி லெமாக் சம்பல் எல்லாமே அவருக்கு ஆபத்துதான்.

மலாயிலும் சீனத்திலும் எழுதிய அட்டை ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். மலாயில் "சாயா ஆலா பாடா ஊடாங். பெலாச்சான், ஹேகோ பூன் தாக் போலே." (எனக்கு இறால் ஒவ்வாமை. பெலாச்சான், ஹேகோவும் கூடாது.) மருத்துவர் கொடுத்த மாத்திரையோ ஊசியோ அறையில் இல்லாமல் கையிலேயே இருக்க வேண்டும். மூச்சு இறுகினால் 999.

சைவக்காரர்களுக்கு: "சாயூர் சாஜா" (காய்கறி மட்டும்) என்று சொன்னால் பெலாச்சானில் வதக்கிய கீரை வந்து நிற்கும். பொருளின் பெயரைச் சொல்லித்தான் மறுக்க வேண்டும். சீனச் சைவக் கடைகள் நம்பகமானவை, பூண்டு வெங்காயம்கூட இருக்காது. ஆனால் அங்குள்ள போலி இறைச்சி சிலவற்றில் முட்டை உண்டு. ரொட்டி சானாய் மாவிலும் சில கடைகளில் முட்டை சேரும். "தெலூர் அடா?" (முட்டை இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டே வாங்கட்டும். நாசி கண்டாரில் சோற்றின்மேல் பல குழம்பைக் கலந்து ஊற்றுவதுதான் ருசியே, அதனால் அந்த வேளைக்கு இருவரும் வேறு கடையில் சாப்பிட்டுவிட்டு செண்டோல் (தேங்காய்ப்பால் குளிர் இனிப்பு) வண்டியில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. பிரிந்து சாப்பிடுவதை இப்போதே பேசி வைத்துவிட்டால் அங்கே யாருக்கும் மனக்கசப்பு வராது.

செங்காங் வாசி

மிக்க நன்றி, ஈப்போ வழியாகத் திரும்புவது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு கேள்வி மிச்சம்: பணத்தை எப்படிப் பிரிப்பது? குடிப்பவர்கள் திரும்பும்போது ஆளுக்கு ஒரு விஸ்கி போத்தல் வாங்கிவரலாமா?

பதில்: உட்லண்ட்ஸ் கணக்குப்பிள்ளை

போத்தலைப் பற்றி முதலில். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவுக்கு வரிவிலக்கு கிடையாது. விமானத்தில் வந்தாலும், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தாலும் இதே விதிதான். 2 லிட்டர் சலுகை மற்ற நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு. சாங்கியில் இறங்கியதும் உள்ள வரியில்லாக் கடையில் வாங்கினாலும் இதே கதை. 40% விஸ்கி 700 மில்லியில் சுத்த மது 0.28 லிட்டர், அதற்கு லிட்டருக்கு 88 சிங்கப்பூர் வெள்ளி வரி, ஆக 24.64 வெள்ளி. போத்தல் விலையையும் வரியையும் கூட்டி அதன்மேல் 9% ஜிஎஸ்டி. வாங்கியே ஆக வேண்டுமென்றால் சுங்கத்துறைச் செயலியில் முன்கூட்டியே அறிவித்துக் கட்டிவிடலாம், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சைப் பாதையில் மட்டும் நடந்துவிடாதீர்கள்.

மலேசியாவில் குடிக்க வயது 21. சீனக் காப்பிக் கடைகளில் பெரிய பீர் போத்தல் கிடைக்கும், தமிழ் முஸ்லிம் கடைகளில் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். குடிக்காதவர்களுக்கு ஜாதிக்காய் ஜூஸ் சொல்லுங்கள், பினாங்குக்கே உரியது. காப்பிக் கடையில் மேசை போட்டிருப்பவர் பானத்தில்தான் சம்பாதிக்கிறார். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு பானம் சொல்வதுதான் முறை. சில இடங்களில் சொல்லாவிட்டால் தனிக் கட்டணம்.

பணத்துக்குப் பொதுப்பை வையுங்கள். ஆளுக்கு 150 ரிங்கிட், ஒருவர் கையில் மொத்தம் 900. ஒரு தட்டு பெரும்பாலும் 7 முதல் 12 ரிங்கிட்டுக்குள் இருக்கும், தட்டு மேசைக்கு வந்ததும் காசு கொடுக்க வேண்டும். அதனால் மாற்றும்போதே 5, 10 ரிங்கிட் நோட்டாகக் கேளுங்கள். மலேசியாவின் டியூட்நவ் க்யூஆர் ஒட்டியிருந்தால் நம் டிபிஎஸ் வங்கியின் பேலா செயலியாலும் கட்டலாம், ஆனால் தள்ளுவண்டிக்கு ரொக்கமே நல்லது. மதுவை இந்தப் பையில் சேர்க்கவே வேண்டாம், குடிப்பவர்கள் தனியே கட்டட்டும். அசைவம் மூவருக்கு இரண்டு தட்டு, சைவத்துக்கும் ஒவ்வாமைக்காரருக்கும் தனித் தட்டு, தனிக் கரண்டி. இப்படிப் போனால் ஒரே மாலையில் நாலு பதார்த்தம் ருசி பார்க்கலாம்.

வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மூன்று அறை, மூன்று இரவு என்றால் 90 ரிங்கிட்டைத் தனியே எடுத்து வையுங்கள், விடுதி முகப்பில் கேட்பார்கள்.

ஆறு இருக்கை கிராப் வாடகைக் கார் ஊருக்குள் சுற்றச் சரி. பெட்டிகளோடு விமான நிலையம் போக இரண்டு சிறிய கார்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னியல் வருகை அட்டை தேவையில்லை. நிரந்தரவாசி நண்பர் வருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். இந்தியக் கடப்பிதழுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா விலக்கு உண்டு. அது நீட்டிப்பில் ஓடுவதால் டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டையை ஆறு பேருமே நிரப்ப வேண்டும்.

செங்காங் வாசி

தெளிவாகிவிட்டது. ஜூனில் டுரியான் கிடைக்குமா?

பதில்: தேக்கா சாப்பாட்டுராமன்

சரியான பருவம். சனி காலை பாலிக் பூலாவ் போங்கள், மலையைச் சுற்றிப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். தோட்டத்திலேயே உடைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கிராப் காரிலும் விடுதியிலும் விமானத்திலும் அனுமதிக்கமாட்டார்கள். மதியச் சாப்பாட்டை அன்று லேசாக வையுங்கள், மாலையில் ரயில் இருக்கிறது.