மறு: மேடைப் பாட்டை எழுதிக் காட்டுவதற்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மேடையில் எழும் பாட்டையும் பேச்சையும் காது கேளாதவருக்கு எழுத்தில் காட்டுவதற்கு நாம் ஒரு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குச் சென்ற வாரம் நான் முன்வைத்த ‘ஓசைவரி’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதில் ‘உடனெழுத்து’ என்று வைக்கலாம் என்பது இப்போது என் கருத்து. காரணத்தைச் சொல்ல எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கூத்துக் களரிக்கே, அதாவது தெருக்கூத்து ஆடும் இடத்துக்கே, உங்களை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில்.

> சினிமாவுக்கு ‘வசன வரி’, ‘துணைத்தலைப்பு’ என்று இரண்டு சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மேடைக்கு மட்டும் புதிதாக எதற்கு?

அந்த இரண்டும் காது கேட்கிறவருக்காகப் பிறந்தவை. பார்க்கிறவருக்கு மொழி தெரியாது, ஆனால் குரலும் இசையும் காதில் விழும் என்று வைத்துக்கொண்டு, பேச்சை மட்டும் எழுதிக் காட்டுபவை. மேடைக்கு மேலே எழுத்து ஓடவிடும் வழக்கமும் அப்படித்தான் வந்தது. 1983-இல் டொராண்டோவில் கனடிய ஓப்பரா குழு ஒரு ஜெர்மன் ஓப்பராவுக்கு ஆங்கிலத்தில் வரி ஓட்டியது. உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாட்டு கேட்டது, ஜெர்மன்தான் புரியவில்லை.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. காது கேளாதவருக்கு எழுதிக் காட்டும்போது பேச்சும் பாட்டும் மட்டும் போதாது. முகவீணை என்ற சின்ன ஊதுகருவி எப்போது எடுத்தது, மிருதங்கம் எந்த இடத்தில் சட்டென்று நின்றது, திரைக்குப் பின்னாலிருந்து கத்தியது யார் என்பதும் எழுத்தாக வர வேண்டும். ‘வசன வரி’ என்று பெயர் வைத்தால் எழுதுகிறவர் வசனத்தோடு நின்றுவிடுவார்.

இனி எங்கள் ஊர். பள்ளிப்பட்டு தமிழ்நாட்டின் ஓரம். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரம், நகரி. திரௌபதி அம்மன் திருவிழா எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளமும் தீமிதியும். ‘இசை நாடகம்’ என்றதும் இந்தக் குழுமத்தில் பலர் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளை நினைக்கிறார்கள். எனக்குக் களரிதான் நினைவுக்கு வருகிறது. விருத்தம், தரு என்று வகைவகையான பாட்டிலேயே இரவு முழுக்கக் கதை நகர்கிறது. வேடம் கட்டியவர் ஓர் அடியைப் பாடினால் பின்னால் இருக்கும் பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார். இசை நாடகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் அக்கா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே கூத்துக்கு வருகிறான். வாத்தியக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருவான். மண் தரையில் அதிர்வு அடங்கிவிடும், பெஞ்சுப் பலகையில் அடங்காது. மிருதங்கத்தின் அடி அவன் உள்ளங்கைக்கு வந்து சேரும். திரை விலகி, புஜக்கட்டையும் கிரீடமுமாகத் துரியோதனன் சுழன்று வரும்போது அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அவனைத் தனியாக்குவது, கூத்தில் வேடிக்கை பேசிக் கதையை நடத்திப் போகும் கட்டியங்காரன்தான். எங்கள் பக்கத்துக் கட்டியங்காரன் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார், ஊர்க்காரர் யாரையாவது இழுத்து வம்பு செய்வார். கூட்டம் வெடித்துச் சிரிக்கும். இவன் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பிறகு சிரிப்பான். அந்தத் தாமதத்தைப் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு வெள்ளைத் துணியும் வாடகை புரொஜெக்டரும் வைத்து முயன்றுபார்த்தோம். பாட்டுகளை முன்கூட்டியே கூத்து வாத்தியாரிடம் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, அடி மாற மாறப் பொத்தானை அழுத்தினேன். பாட்டுக்கு அது ஓரளவு நடந்தது. வசனம் அன்றன்றைக்குப் பிறப்பது, அதற்கு முன் ஏற்பாடு செய்ய வழியில்லை. கேட்டுக் கேட்டுத் தட்டினேன், பிந்திக்கொண்டே போனேன். ஒரு நகைச்சுவையை முன்னதாகவே தெரிந்துகொண்டு முந்திக் காட்டியபோது துணிப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் கட்டியங்காரன் வாய் திறக்கும் முன்பே சிரித்துவிட்டார்கள். அவர் முகம் விழுந்துபோனது. எழுத்து முந்தினால் ஆட்டக்காரருக்குக் கேடு, பிந்தினால் பார்க்கிறவர் தனியே சிரிக்க வேண்டும். கூடவே வர வேண்டும். எனக்குச் சொல் கிடைத்த இடம் இதுதான், ஆனால் அன்று அது சொல்லாகத் தெரியவில்லை.

துணிப் பக்கம் என் அக்கா மகனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும்தான் உட்காருவார்கள் என்று எண்ணியிருந்தேன். நள்ளிரவுக்கு மேல் பார்த்தால் முப்பது, நாற்பது பேர். பெரும்பாலும் வயதானவர்கள். நகரி, புத்தூர், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு எல்லாமே பவர்லூம் ஊர்கள். தறிக்கூடத்தில் முப்பது வருஷம் நின்றவருக்குச் செவியில் முதலில் போவது மெல்லிய உயர்ந்த ஒலிகள். உயிரொலி தாழ்ந்தும் உரத்தும் வருவதால் கேட்டுவிடும், வல்லினம் நழுவிவிடும். பாட்டு, காட்டு இரண்டும் அவருக்கு ஒன்றே. ‘கேக்குது, வெளங்கல’ என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழந்தவரைக் கேட்புத்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபெல் இழந்தவரைக் காது கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. எங்கள் தறிக்காரர்களில் பலர் அந்தக் கோட்டுக்குள் வரமாட்டார்கள். ஆனாலும் துணிப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். ஆகவே நாம் ஆக்கும் சொல்லில் ‘கேளாதோர்’ என்பது இருக்கவே கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ‘கேளாதோர் வரி’, ‘செவித்துணை எழுத்து’ என்று பரிந்துரைத்த இரு நண்பர்களுக்கும் இதுவே என் பதில். அப்படிப் பலகை எழுதி வைத்தால் அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூட அங்கே வந்து உட்காரமாட்டார்.

இப்போது ‘ஓசைவரி’. ‘வரி’ எனக்குப் பிடித்திருந்ததற்குக் காரணம் சிலப்பதிகாரம். கானல் வரி, ஆற்று வரி, வேட்டுவ வரி என்று அங்கே வரியே பாட்டு. எழுதிய கோடும் வரி. பாட்டும் எழுத்தும் ஒரே சொல்லில் கிடைக்கிறதே என்று மகிழ்ந்தேன். சேலத்து நண்பர் சரியாகவே மறுத்தார்: கேளிக்கை வரி வாங்கிய இடத்தில் ‘ஓசைவரி உண்டு’ என்று எழுதினால் மக்கள் என்ன நினைப்பார்கள்? அது உண்மை. ஆனால் என்னை மாற்றியது அதுவல்ல. அக்கா மகனிடம் சொல்லை எழுதிக் காட்டினேன். ‘ஓசை’ என்பதன்மேல் விரலை வைத்து, ‘இது எனக்கு எதுக்கு?’ என்று சைகையில் கேட்டான். அவனுக்கு வந்து சேர்வது எழுத்து, ஓசையல்ல. அவனுக்கு இல்லாத ஒன்றைக் கொண்டே அவன் பொருளுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். ஓசை வரையறைக்குள் இருக்கட்டும், பெயரில் வேண்டாம்.

> தோல்பாவைக்கூத்தில் புலவர் கம்பன் பாட்டைச் சொல்லி உடனே உரை சொல்வார். அந்த வழியில் ‘திரையுரை’ என்று வைக்கலாமே.

பாலக்காட்டு அம்மா எழுதியதைப் பலமுறை படித்தேன். கேரளத்தில் பகவதி கோயிலில் தோல்பாவை ஆட்டும் கூத்துமாடத்தில், விளக்கொளியில் கம்பராமாயணம் இன்றும் தமிழில் ஒலிக்கிறது என்பதை இந்தக் குழுமத்தில் எத்தனை பேர் அறிவோம் தெரியவில்லை. அதை எடுத்துத் தந்ததற்கு நன்றி. கதகளியைப் பற்றி அவர் சொன்னதும் எனக்குத் திறப்பாக இருந்தது. பாடுகிறவர் பின்னால் நிற்கிறார், ஆடுகிறவர் வாய் திறப்பதில்லை, 24 அடிப்படை முத்திரைகளைக் கொண்டு கை பேசுகிறது. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு உடல், ஒன்று பாட, ஒன்று காட்ட. 1991-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டெஃப் வெஸ்ட் தியேட்டர் 2003-இலும் 2015-இலும் பிராட்வே மேடைக்குக் கொண்டுபோன இசை நாடகங்களிலும் இதே ஏற்பாடுதான்: காது கேளாத நடிகர் சைகை மொழியில் நடிக்க, இன்னொருவர் அவருக்காகப் பாடினார்.

ஆனாலும் ‘திரையுரை’ வேண்டாம் என்றே சொல்வேன். உரை என்றால் நமக்குப் பரிமேலழகர் நினைவு வரும். உரை பொருள் விரிக்கும், வேண்டாததை விலக்கும், சில இடத்தில் திருத்தவும் செய்யும். மேடை எழுத்துக்கு அந்த உரிமை கிடையாது. கர்ணன் திக்கினால் எழுத்தும் திக்க வேண்டும். கட்டியங்காரன் கொச்சையாகப் பேசினால் கொச்சையே வர வேண்டும். கேட்கிறவருக்குக் கிடைக்கும் கொச்சையைக் கேளாதவரிடமிருந்து மறைத்துச் சுத்தம் செய்து கொடுப்பது அவரைக் குழந்தையாக்குவது. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எங்கள் கூத்து வாத்தியார் துணியைப் பார்த்துவிட்டு, ‘இதுவும் ஒரு பின்பாட்டுதானே’ என்றார். அடியை வாங்கித் திரும்பத் தருகிறது, அவ்வளவுதான் என்று. அதிலிருந்து ‘எழுத்துப் பின்பாட்டு’ என்று ஒரு சொல் வருகிறது. கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் பின்பாட்டு அடிக்குப் பிறகு வருவது, எழுத்து பிறகு வரக்கூடாது என்பதைத்தான் போன வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆகவே உடனெழுத்து. உடன்பிறப்பு, உடன்போக்கு என்பவற்றில் வரும் உடன். ‘கூட’ என்பது முதற்பொருள், ‘அப்போதே’ என்பது அடுத்த பொருள். இரண்டுமே இங்கே வேண்டும். ஒருவர் கேட்டிருந்தார்: முன்பே தட்டச்சு செய்த பாட்டை உடனெழுத்து என்பது பொருந்துமா? பொருந்தும். எழுதிய நேரத்தைச் சொல்லவில்லை, ஆட்டத்தோடு சேர்ந்து வருவதைச் சொல்கிறோம். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆயத்த உடனெழுத்து, நேரடி உடனெழுத்து என்று சொல்லிக்கொள்ளலாம். எழுதுகிறவர் உடனெழுத்தர். அந்த வசதியோடு நடக்கும் ஆட்டம் உடனெழுத்துக் காட்சி. மேடையோரம் நின்று சைகை மொழியில் பெயர்ப்பதற்கு இதே அச்சில் ‘உடன்சைகை’ என்று வைத்தால் இரண்டும் ஒரு குடும்பமாக இருக்கும்.

அந்த இரண்டாவது சொல் அலங்காரத்துக்கு அல்ல. காது கேளாத பிள்ளைகள் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் பள்ளியில் கஷ்டப்பட்டுக் கற்ற இரண்டாம் மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. அது கையால் பேசும் தமிழ் அல்ல. விருத்தத்தின் சந்தி சேர்ந்த ஓர் அடியைத் துணியில் போட்டால் என் அக்கா மகன் திணறிப்போகிறான். அதே அடியை அவன் பள்ளித் தோழி கையால் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு அகராதி தந்திருக்கிறது. அதில் தேடினால் கூத்துக்காரர் வாயில் புழங்கும் சொல் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்: ‘உடனெழுத்து: மேடையில் எழும் பேச்சு, பாட்டு, வாத்தியம், பிற ஓசைகள் ஆகியவற்றை, யாரிடமிருந்து எழுகின்றன என்ற குறிப்புடன், நிகழும்போதே பார்வையாளர் கண்ணுக்கு எழுத்தில் காட்டுவது.’ ‘கண்ணுக்கு’ தேவையா என்று ஐயம் இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைய. அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு லிபியில் ஓடவிட்டால் அதுவும் உடனெழுத்துதான் என்பேன். ஆனால் ஒரே துணியில் இரண்டு லிபி போட்டால் கண் ஆட்டத்தை விட்டுவிட்டு எழுத்திலேயே தங்கிவிடும். களரியின் இரண்டு பக்கமும் இரண்டு துணி கட்டலாமா? பாலக்காட்டிலோ செங்கோட்டையிலோ மலையாள லிபியோடு இப்படி யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

வைகாசித் திருவிழா நோட்டீஸ் பதினைந்து நாளில் அச்சுக்குப் போகிறது. அர்ச்சுனன் தபசு இரவுக்கு நேரே ‘உடனெழுத்து, உடன்சைகை உண்டு’ என்று போட ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லில் குறை இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள். அக்கா மகன் அதற்குச் சைகையும் ஆக்கிவிட்டான்: இரண்டு சுட்டுவிரலையும் ஒட்டவைத்து நடத்திக்கொண்டு போய், உள்ளங்கையில் எழுதிக் காட்டுகிறான்.

அன்புடன்,
பள்ளிப்பட்டிலிருந்து