தற்காப்பு ஆட்டக்காரருக்கு பிரவுன்லோ பதக்கமா?

கேள்வி:
ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஜீலாங் அணியின் பெர்னி ஸ்மித் 1951-இல் பிரவுன்லோ பதக்கம் (சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது) வாங்கினார் என்று பார்த்தேன். கோல் போடாத ஆளுக்கு அதை எப்படிக் கொடுத்தார்கள்?

பதில் 1:
கோல் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை நண்பரே, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் 3, 2, 1 என்று மூன்று பேருக்குப் புள்ளி போடுவார்கள், சீசன் முடிவில் கூட்டிப் பார்ப்பார்கள். ஆனாலும் நடுவர் கண் பெரும்பாலும் நடுக்களத்தில்தான் இருக்கும். தன் அணியின் கோல் கம்பம் பக்கத்து மூலையில், அதாவது பேக் பாக்கெட் என்ற தற்காப்பு இடத்தில் நிற்பவரை யார் கவனிப்பார்? அந்த இடத்திலிருந்து முதலில் வென்றவர் இவர்தான்.

பதில் 2:
அப்புறம், அவர் சும்மா நின்று தடுத்த ஆள் இல்லை. எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்து, அங்கிருந்தே ஓடி எதிர்த்தாக்குதலைத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு பேக் பாக்கெட்காரர் செய்கிற வேலை இல்லை அது.

அடிலெய்டுக்காரர். 1947-இல் வெஸ்ட் அடிலெய்டு அணியோடு கோப்பை, 1948-இல் ஜீலாங் வந்தார், ரெஜ் ஹிக்கி பயிற்சியில் 1951, 1952 இரண்டு கோப்பை. 1958 வரை 183 ஆட்டங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிந்தது. அந்த ஜீலாங்தானே தொடர்ந்து 23 ஆட்டம் ஜெயித்தது?

பதில் 2:
அதேதான், 1952-53. ஆனால் 53 இறுதியாட்டத்தில் காலிங்வுட்டிடம் 12 புள்ளியில் தோற்றார்கள், பாவம். 1996-இல் லீக்கின் நூற்றாண்டு அணியை, அதாவது எல்லாக் காலத்துச் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலை, அறிவித்தபோது ஸ்மித்துக்கு பேக் பாக்கெட்டிலேயே இடம். அதைப் பார்க்க அவர் இல்லை, 1985-லேயே போய்விட்டார்.