2^61 − 1 பகா எண்தானே? என் நிரல் ஏன் மறுக்கிறது?

நிரல்மாணவி: வணக்கம். 2^p − 1 வடிவ எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூக்காஸ்–லெமர் சோதனையை நிரலாக எழுதியிருக்கிறேன். இறுதியில் 0 வந்தால் பகா எண். p-க்கு 13, 17, 19, 31 ஆகிய அடுக்குகளை இட்டால் இறுதியில் 0 சரியாக வருகிறது. 61-க்கு மட்டும் ஏதோ ஒரு பெரிய எண் வந்து நிற்கிறது. நாளை காலை வகுப்பில் காட்ட வேண்டும். உதவுங்கள்.

மீதி_ஏழு: எந்த மொழி? மாறி எத்தனை பிட்? இவற்றைச் சொல்லாமல் பிழையைக் கண்டுபிடிக்க இயலாது.

எண்காதலன்: சுற்றுகளின் எண்ணிக்கையில்தான் பிழை இருக்கும். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி காணும் வேலையை 61-க்கு 59 முறை செய்ய வேண்டும். அடுக்கு 7-க்குக் கையால் போட்டுப் பாருங்கள்: 127-ஆல் வகுக்கும்போது 4, 14, 67, 42, 111, 0 என்று ஐந்தே சுற்றில் முடியும்.

பழையவர்: சுற்று பிழையென்றால் 31-க்கும் பிழைத்திருக்குமே. கணினி இல்லாத 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் பகா எண் என்று நிறுவிய எண் இது. அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்பது நல்லது.

கணக்குப்பிள்ளை: இவ்வளவு சிரமம் எதற்கு? 2-ஐ, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பாருங்கள். பகா எண் என்றால் 1 வந்தாக வேண்டும். ஃபெர்மாவின் தேற்றம் போதும்.

மீதி_ஏழு: இந்த வகை எண்களுக்கு அது சிறிதும் உதவாது. 2^11 − 1 என்பது 2047, அதாவது 23 × 89. ஆனால் 2^11-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11-இன் மடங்கு. ஆகவே 2^2046-க்கும் மீதி 1-தான். அடுக்கு பகா எண்ணாக இருக்கும் ஒவ்வொரு மெர்சென் எண்ணும், அதாவது 2^p − 1 வடிவ எண்ணும், இப்படியே தேறிவிடும். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் பகா என்று பட்டியலிட்ட 2^67 − 1 கூடத் தேறும். அதுவோ 193707721 × 761838257287.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் 2-க்குப் பதில் 3-ஐ எடுக்கலாமே.

மீதி_ஏழு: எடுக்கலாம். ஆனால் மீதி 1 வந்தால் பகா எண்ணாக இருக்கக்கூடும் என்றுதான் சொல்ல முடியும். லூக்காஸ்–லெமரில் 0 வந்தால் அதுவே நிரூபணம்.

நிரல்மாணவி: மன்னிக்கவும், சி மொழி. குறியில்லாத 64 பிட் மாறி. பைத்தானோடு ஒப்பிட்டேன், 2005956546822746114 வரை ஒத்துப்போகிறது, அதற்கடுத்த எண் மாறிவிடுகிறது.

மீதி_ஏழு: அங்கேதான் இருக்கிறது. அடுக்கு 31 என்றால் மீதியின் வர்க்கம் 62 பிட்டுக்குள் அடங்கும். 61 என்றால் 122 பிட் வரை போகும், மேல் பிட்டுகள் சத்தமில்லாமல் வெட்டுப்படும். பெருக்கலை 128 பிட் வகையில் செய்து, மீதி கண்ட பிறகு 64-க்குத் திரும்புங்கள். கழிக்கும் முன் மீதி 0 அல்லது 1 ஆக இருந்தால் வகுக்கும் எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். குறியில்லாத மாறி எதிர்மறைக்குப் போகாது.

நிரல்மாணவி: மாற்றினேன். 59-ஆம் சுற்றில் 0. மிக்க நன்றி.

எண்காதலன்: அடுத்த மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 89. அங்கே மீதியின் வர்க்கம் 178 பிட் வரை வரும் என்பதால் 128-உம் போதாது. அதற்கு, எவ்வளவு பெரிய எண்ணையும் கையாளும் பேரெண் நிரல் நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.