டார்க் கழித்தால் படம் முழுக்கக் கறுப்புப் புள்ளி – உதவி தேவை

ஒட்டுசுட்டான்பெடியன்:
வணக்கம். பால்வீதி படம் எடுத்தேன், நன்றாக வந்திருக்கு. ஆனால் பெருப்பித்துப் பார்த்தால் சிவப்பு, நீலம், பச்சை என்று புள்ளிகள். ஒரே வானத்தைப் பல தரம் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லாம் சின்னச் சின்னக் கோடாக இழுபடுது. டார்க் பிரேம் (லென்ஸ் மூடி போட்டு எடுக்கும் வெறும் இருட்டுப் படம்) எடுத்துக் கழிக்கச் சொன்னார்கள், கழித்தேன். இப்ப அதே இடங்களில் கறுப்புப் புள்ளி. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வெள்ளிக்கு முதல் அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

குளக்கட்டு:
எந்தக் கமரா, எத்தனை செக்கன், ஐஎஸ்ஓ எவ்வளவு, ராவா (கமரா திருத்தாமல் வைக்கும் மூலக் கோப்பு) ஜேபெக்கா, எந்த மென்பொருள்? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

சோளகம்:
கமராவுக்குள் லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்ஷன் ஓனில் இருக்கும். அது ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் தானே ஒரு டார்க் எடுத்துக் கழித்துவிடும். நீங்கள் மறுபடி கழித்தால் இரண்டு தரம் கழிபட்டுக் குழி விழும். நூறு வீதம் இதுதான்.

ஒட்டுசுட்டான்பெடியன்:
கெனான் 600டி, 18 மிமீ, 15 செக்கன், ஐஎஸ்ஓ 3200, ரா. வெறும் முக்காலி. சிரில் என்ற மென்பொருளில் அடுக்கினேன். அந்த நொய்ஸ் ரிடக்ஷன் ஓஃப், இப்பதான் பார்த்தேன்.

மூன்றாம்கட்டை:
இந்தக் கேள்வி எத்தனை தரம் வந்துவிட்டது. டார்க் என்றால் என்னவென்று விளங்காமல் பொத்தானை அமத்தினால் இப்படித்தான். ஒளி விழாவிட்டாலும் சென்சரின் சூட்டிலேயே பிக்சல்களில் மின்னூட்டம் சேரும். சிலதில் மட்டும் கண்டபடி சேரும், அதுதான் ஹாட் பிக்சல். 5 முதல் 8 பாகை சூடு ஏறினால் அந்த மின்னூட்டக் கசிவு இரட்டிக்கும். டார்க்கை எங்கே, எப்போது எடுத்தீர்? அதைச் சொல்லும் முதலில்.

ஒட்டுசுட்டான்பெடியன்:
அடுத்த நாள் மத்தியானம், வீட்டுக்குள். மூடி போட்டுத்தான். அதே 15 செக்கன், அதே ஐஎஸ்ஓ.

வேலியோரம்:
தகரக் கூரையா?

ஒட்டுசுட்டான்பெடியன்:
ஓம்.

குளக்கட்டு:
சரி, அதுதான் விஷயம். படம் எடுத்தது இரவு, வெட்டவெளியில். டார்க் எடுத்தது உச்சி வெயிலில், தகரத்துக்குக் கீழே. சூடான டார்க்கில் அந்தப் பிக்சல்களின் பெறுமானம் கூட. குறைந்ததிலிருந்து கூடினதைக் கழித்தால் அந்த இடம் கறுத்துப் போகும். டார்க் குளிராக இருந்திருந்தால் மறுவளமாக, நிறப் புள்ளி அரைகுறையாக மிஞ்சும். எக்ஸிஃப்டூல் (கோப்பில் கமரா எழுதின விபரங்களைக் காட்டும் மென்பொருள்) இல் ரா கோப்பைத் திறந்து கமரா டெம்பரேச்சர் என்ற வரியைப் பாரும். கெனான் அதை எழுதி வைக்கும்.

ஒட்டுசுட்டான்பெடியன்:
படத்தில் 31. டார்க்கில் 40.

குளக்கட்டு:
அந்த 9 பாகைக்குக் கசிவு இரண்டு மடங்குக்கு மேலேயும் போயிருக்கும். படத்தைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை, டார்க்கை மட்டும் இன்றிரவு எடும். படம் எடுத்த இடத்துக்குப் போகவும் வேண்டாம், முற்றம் போதும். மூடியைப் போட்டு, வியூஃபைண்டரையும் கறுப்புத் துணியால் மூடும். டிஎஸ்எல்ஆரில் அதற்குள்ளாலும் ஒளி இறங்கும். பிறகு இடைவிடாமல் ஓட விடும். முதல் சில படங்களில் சென்சர் இன்னும் சூடேறியிருக்காது. 30, 31, 32 என்று காட்டும் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடும். 20, 30 கோப்பு தேறினால் காணும். இரண்டு மூன்றோடு நிறுத்தினால் டார்க்கின் இரைச்சலே (நொய்ஸ்) படத்தில் ஏறிவிடும்.

முள்ளி:
ஏன் இவ்வளவு பாடு? டார்க்கே வேண்டாம். சில படங்களுக்கு ஒருக்கா முக்காலித் தலையைக் கொஞ்சம் திருப்பி விடுங்கோ, ஒவ்வொரு தரமும் வேறு பக்கம். நட்சத்திரத்தை வைத்துப் படங்களைப் பொருத்தும்போது ஹாட் பிக்சல் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் விழும். சிக்மா கிளிப்பிங் (அடுக்கும்போது மற்றப் படங்களோடு ஒத்துவராத பெறுமானத்தை ஒதுக்கும் முறை) அதைத் தூக்கி எறிந்துவிடும். இப்படிப்பட்ட இருட்டு வானத்தில் மூடி போட்டுக்கொண்டு நிற்பது அநியாயம்.

மூன்றாம்கட்டை:
எடுத்து முடிந்த படத்துக்கு இனி எப்படித் திருப்புவது? கேள்வியை வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கோ. முக்காலியில் வானம் ஒரே திசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அவருக்குக் கோடு.

முள்ளி:
அடுத்த முறைக்குத்தான் சொல்கிறேன். வவுனிக்குளக் கட்டில் நடுச்சாமத்தில் டார்க்குக்கென்று இன்னொரு அரை மணித்தியாலம் நின்று பாருங்கோ. ஆனை வந்தால் யார் பொறுப்பு?

மூன்றாம்கட்டை:
முகில் மூடின பிறகு, அல்லது நிலவு ஏறின பிறகு எடுக்க வேண்டியது. எப்படியும் சாமான் கட்ட நேரம் எடுக்கும், அந்த நேரம் கமரா தன்பாட்டில் ஓடட்டும். டார்க் எடுப்பது, தலையைத் திருப்புவது இரண்டையும் செய்கிறவனுக்குத்தான் சுத்தமான படம் வரும்.

வேலியோரம்:
ஆனை விஷயத்தை லேசாக எடுக்காதேங்கோ. எங்கள் பக்கம் வயல் காவலுக்கே ஆட்கள் தனியாகப் போவதில்லை. படம் எடுக்கப் போனால் இரண்டு மூன்று பேராகப் போங்கோ, ரோச்சும் வெடியும் கையில் இருக்கட்டும்.

முள்ளி:
வெடி கொளுத்தினால் ஆனை இன்னும் குழம்பும். வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்பதுதான் சரி.

வேலியோரம்:
குளக்கட்டில் எந்த வாகனத்தைத் திருப்புவது? நீங்கள் இரவில் அங்கே நின்றதில்லைப் போல.

சோளகம்:
முற்றத்தில் 31 வராவிட்டால்? கமராவைப் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் இரைச்சலே இருக்காதே.

குளக்கட்டு:
வேண்டாம். குளிரில் எடுத்த டார்க்கில் ஹாட் பிக்சல் சரியாக விழாது, பிறகு எதைக் கழிப்பது? வெளியே எடுத்ததும் எங்கள் புழுக்கத்துக்குக் கமராவில் நீர் பூத்துவிடும். அப்புறம் பூஞ்சைதான். 31 வராவிட்டால் லைவ் வியூவை (பின்திரையில் நேரடிக் காட்சி) கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் சென்சர் சூடேறும்.

ஒட்டுசுட்டான்பெடியன்:
இரவு எடுத்தேன். கறுப்புப் புள்ளி போய்விட்டது, கோடும் இல்லை. சிவப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கு. நன்றி அண்ணை, அச்சகத்துக்குப் போறேன்.

மூன்றாம்கட்டை:
பொறும். சிரிலின் கலிபரேஷன் பக்கத்தில் கொஸ்மெட்டிக் கரெக்ஷனைப் போடும், மிஞ்சின கெட்ட பிக்சலை அது திருத்தும். உம்முடையது கலர் கமரா, சிஎஃப்ஏ (சென்சரின் நிற வடிகட்டி) பெட்டியில் சரி போட மறக்க வேண்டாம். ஹாட் சிக்மா (எவ்வளவு விலகினால் ஹாட் பிக்சல் என்று எடுக்கும் எல்லை) 3 இல் இருக்கும், கொஞ்சம் குறைத்துப் பாரும். எத்தனை பிக்சல் திருத்துப்படும் என்று பக்கத்திலேயே காட்டும். அந்த எண் ஒரேயடியாக எகிறினால் நல்ல பிக்சலிலும் கை வைக்குது என்று அர்த்தம், திரும்ப ஏற்றும். அச்சுக்கு டிஃப் கோப்பாகக் கொடும், ஜேபெக் வேண்டாம்.