கருத்திட்ட முகாமைத்துவத்தை அறிய உள்ளகப் பயிற்சி: மட்டக்களப்பா, கல்முனையா?

வந்தாறுமூலை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்கும் இறுதியாண்டு மாணவி. கருத்திட்ட முகாமைத்துவத்தையே என் தொழிலாகக் கொள்ளலாமா என்ற எண்ணம் ஓராண்டாக மனத்தில் இருக்கிறது. பாடத்துக்காக, வேலைகளைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டும் கான்ட் அட்டவணை வரைந்திருக்கிறேன், கருத்திட்டத்தின் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரான மாறுநிலைப் பாதையைக் கணக்கிட்டிருக்கிறேன். ஆனால் அந்த வேலையில் இருப்பவர் காலையில் அலுவலகத்துக்கு வந்து மாலை வரை என்ன செய்கிறார் என்பதை ஒரு நாளேனும் அருகிலிருந்து பார்த்ததில்லை.

ஆறு மாதப் பயிற்சிக்கு இப்போது இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, மட்டக்களப்பு நகரிலுள்ள ஓர் அரச சார்பற்ற நிறுவனம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் கிணறும் மலசலகூடமும் அமைக்கும் கருத்திட்டத்தில் சேர்த்துக்கொள்வதாகவும், பஸ் செலவு மட்டும் தருவதாகவும் சொல்கிறார்கள். மற்றது, கல்முனையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகம். அங்கே மாதந்தோறும் சிறு தொகை கிடைக்கும். என்ன வேலை என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு பயிற்சிக்குப் போன தோழி ஒருத்தி ஆறு மாதத்தையும் நிழற்பிரதி எடுப்பதிலும் கோப்பு அடுக்குவதிலும் கழித்துவிட்டுத் திரும்பினாள். எனக்கும் அதுவே நேர்ந்தால், இந்தத் தொழில் எனக்குப் பொருந்துமா என்பது தெரியாமலேயே போய்விடுமே என்று அஞ்சுகிறேன். வங்கிப் பரீட்சைக்குப் படிக்கும்படி அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

களுவாஞ்சிகுடி அக்கா:

தங்கச்சி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நமது கரையோரமெங்கும் நிறுவனங்கள் வந்திறங்கிய காலத்தில், தரவு பதிபவராகச் சேர்ந்து இந்தத் தொழிலுக்குள் வந்தவள் நான். ஆகவே நீங்கள் கேட்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

என் வேலையின் இயல்பைக் காட்ட ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். படுவான்கரையில் ஒரு கிராமத்தில் வீட்டுக்கொரு மலசலகூடம் கட்டும் பொறுப்பு எங்களிடம் இருந்தது. குழியைப் பயனாளிகளே வெட்டுவது, பொருளும் மேசன் கூலியும் நாங்கள் தருவது என்பது உடன்பாடு. அட்டவணைப்படி பெப்ரவரியில் சீமெந்து வந்து இறங்கியது. பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்ததால், குடும்பத்தோடு எல்லோரும் விடியுமுன்பே வயலுக்குப் போய்விட்டார்கள். ஒரு குழியும் வெட்டப்படவில்லை. கூரை ஒழுகிய கொட்டிலில் அடுக்கியிருந்த சீமெந்து மூடைகளில் பல இறுகிக் கல்லாயின. திட்டம் வகுத்த கூட்டத்தில் வயற்காலம் எது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதை முன்கூட்டியே கேட்டு அறிவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. அறிக்கை எழுதுவது அதற்கு அடுத்ததே.

ஆகவே இடத்தைத் தெரிவு செய்யுமுன் இரு தரப்பிடமும் தயங்காமல் கேளுங்கள்: வாராந்தக் கூட்டத்தில் அமர்ந்து குறிப்பெடுக்க விடுவார்களா, களத்துக்கு அழைத்துச் செல்வார்களா, உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு யாருடையது? இதற்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில்தான் நிழற்பிரதி இயந்திரம் காத்திருக்கும். நிறுவனத்துக்குப் போனால், முதல் வாரத்திலேயே கருத்திட்டத்தின் நோக்கம், செயற்பாடு, எடுகோள் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் காட்டும் லொக்பிரேமை வாங்கி, கடைசி நிரலிலுள்ள எடுகோள்களைப் படியுங்கள். ‘மழை உரிய காலத்தில் பெய்யும்’, ‘சமூகம் ஒத்துழைக்கும்’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போன இடங்களில்தான் பின்னர் வேலை நின்றுபோவதை நான் கண்டிருக்கிறேன்.

அக்கரைப்பற்றுத் தளப் பொறியியலாளர்:

அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் கல்முனை வாய்ப்பை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம், தங்கை. தாமதத்தின் விலை என்ன என்பதை ஒப்பந்தக்காரரிடம் கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது. ஒரு வாரம் பிந்தினால் அந்த வாரக் கூலி அவருடைய சட்டைப்பையிலிருந்தே போகிறது.

நமது பகுதியின் கட்டட வேலையில் இரண்டு நாட்காட்டிகள் மோதுகின்றன. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. ஆகவே அரச வேலையின் பில்களை அதற்குள் ஒப்படைக்க எல்லோரும் விரைகிறார்கள். வடகீழ்ப் பருவமழையோ அதே நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் நமக்கு வலுக்கிறது. கேள்விப்பத்திரம், விலைமனுத் திறப்பு, அனுமதி என்று ஆண்டின் முற்பாதி கழிந்துவிட்டால், அத்திவாரம் வெட்டும் நேரத்தில் குழிக்குள் தண்ணீர் நிற்கும். கொங்கிறீற்று தன் வடிவமைப்பு வலிமையை எட்டுவதை 28 நாட்களில்தான் சோதித்து உறுதிப்படுத்துகிறோம். ஆள்பலத்தைக் கூட்டினாலும் அந்த நாட்களைச் சுருக்க முடியாது. எந்த வேலையை ஆள் சேர்த்து விரைவுபடுத்தலாம், எதைக் காத்திருந்தே முடிக்க வேண்டும் என்ற வேறுபாடு ஒரு கட்டடத்தை ஆறு மாதம் பின்தொடர்ந்தால் மனத்தில் பதிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: தளத்துக்கு விடாமல் அலுவலகத்தில் மட்டும் இருத்துவார்கள் என்றால் போக வேண்டாம்.

கல்முனை வாசகர்:

சான்றிதழ் பற்றி ஒரு குறிப்பு. கருத்திட்ட முகாமைத்துவச் சான்றிதழ்களை வழங்கும் பிஎம்ஐ (PMI) என்ற சர்வதேச நிறுவனத்தின் பிஎம்பி (PMP) பரீட்சைக்கு நான்காண்டுப் பட்டதாரி ஒருவர் 36 மாதம் கருத்திட்டங்களை வழிநடத்திய அனுபவம் காட்ட வேண்டும். அதே நிறுவனத்தின் தொடக்கநிலையான சிஏபிஎம் (CAPM) பரீட்சைக்கு அனுபவம் தேவையில்லை, 23 மணிநேரப் பாடப்பயிற்சி போதும். எனவே இப்போது சான்றிதழுக்காகக் கடன்படாமல், நாள்தோறும் என்ன செய்தீர்கள் என்பதைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். நேர்முகத்தேர்வில் அந்தக் கொப்பி உங்களுக்குக் கைகொடுக்கும்.

வந்தாறுமூலை மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகளை இரண்டு இடங்களிலும் கேட்டுவிட்டேன். கல்முனையில், பயிற்சியாளர்களைத் தளத்துக்கு அனுப்புவதில்லை, விலைமனுக் கடிதங்களைத் தட்டச்சுச் செய்வதே வேலை என்றார்கள். மட்டக்களப்பு நிறுவனத்தின் கருத்திட்ட உத்தியோகத்தரோ செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களுக்கு வரலாம், வாரத்தில் இரண்டு நாள் களத்துக்கும் வரலாம் என்று எழுத்திலேயே தந்துவிட்டார். ஆகவே அங்கேயே சேர்கிறேன். ஆறு மாதம் முடியும்வரை வங்கிப் பரீட்சைப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

அவர்கள் பார்க்கத் தந்த அட்டவணையில் இரண்டு கிராமங்களுக்குக் கிணறு வெட்டும் வேலை டிசம்பரில் விழுந்திருந்தது. நிலத்தடி நீர் மிகவும் இறங்கியிருக்கும் ஆவணி, புரட்டாதியில் வெட்டினால்தான் கோடையிலும் வற்றாத ஆழம் கிடைக்கும் என்று ஊரில் அம்மப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைத் தயக்கத்தோடு உத்தியோகத்தரிடம் சொன்னேன். அவர் சற்றுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதற் கூட்டத்தில் இதை நீங்களே எடுத்துப் பேசுங்கள் என்றார்.